மூன்று பதிப்புகளும் ஒரு சரக்குக் கப்பலும்

சென்ற மாதம் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை விலை கொடுத்து வாங்கினேன். சிறு வயதில் நூறு தடவையாவது ஆடிய விளையாட்டுத்தான். விலை கொடுத்தது மட்டும் இதுவே முதல் முறை. சின்னச் சண்டைக் கப்பல் ஒன்றில் ஏறி விண்வெளியில் பறந்து எதிரிகளைச் சுட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதை உருவாக்கியவர்கள் சில வருஷ இடைவெளியில் மூன்று தடவை வெவ்வேறு விதமாக வெளியிட்டார்கள். இப்போது மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒரு பிளேட் பிரியாணி விலைக்கு இணையத்தில் விற்கிறார்கள். வாங்கி இறக்கிக்கொள்ள நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

பதிப்புகளை ஒப்பிடுவதுதான் எனக்குத் தொழிலும். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிறேன். பழையதில் ஒழுங்காக ஓடியது புதியதில் ஏன் ஓடவில்லை என்று கேட்டுக் கேட்டு, எழுதினவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கு எனக்கு மாதச் சம்பளம். அந்தப் பழக்கதோஷத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், படூர் அபார்ட்மெண்டில் குழந்தையும் அதன் அப்பாவும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றிலும் ஒரே மிஷனை, அதாவது ஒரே கட்டத்தை, ஆடிப் பார்த்துக் குறிப்பெழுத உட்கார்ந்தேன். நான் தேர்ந்தெடுத்தது நாங்கள் கடைசிவரை ஜெயிக்காத மிஷன். அதில் ஒரு சரக்குக் கப்பல் வரும்.

முதல் பதிப்பு ஃப்ளாப்பிகளில் வந்தது. கப்பல்கள் எல்லாம் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டினாற்போல் இருக்கும். யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். படைத் தலைவர் என்ன உத்தரவு கொடுத்தாலும் திரையின் அடியில் ஒரு வரியாக வந்து, இரண்டு மூன்று விநாடியில் மறைந்துவிடும். ஆனால் அதன் இசைக்கு மூளை உண்டு. எதிரி கிட்டே வந்தால் மாறும், நம் ஆள் செத்தால் மாறும். இரண்டாவது பதிப்பு சி.டி.யில் வந்தது. கப்பல்களுக்குக் கொஞ்சம் நிழலும் வெளிச்சமும் பூசியிருந்தார்கள், மிஷன்கள் சில கூடியிருந்தன, முக்கியமாக எல்லாரும் பேசினார்கள். மூன்றாவதுதான் பார்க்க அழகு. ஆனால் அதன் இசை, கல்யாண மண்டபத்தில் போட்டுவிட்ட கேசட் மாதிரி, முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜாய்ஸ்டிக் இல்லாவிட்டால் விளையாட்டு தொடங்கவே தொடங்காது. எது உசத்தி என்று இணையத்தில் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் முதல் பதிப்புக் கட்சி. நானும் அதே கட்சிதான், ஆனால் என் காரணம் இசை இல்லை. முதல் பதிப்பில் எனக்கு ஒரு வேலை இருந்தது.

எங்கள் ஊர் மகாபலிபுரத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடலோரக் குப்பம். நைனாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் நான்கு கம்ப்யூட்டர்களோடு ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். நான்கும் சென்னையில் வாங்கிய பழைய மெஷின்கள். அதில் ஒன்று, முன்னாள் சொந்தக்காரர் அழிக்க மறந்த விளையாட்டோடு வந்து சேர்ந்தது. இணையம் ஓட்டுகிற தெம்பு அதற்கு இல்லாததால் மாமா அதைப் பின்பக்கம் தள்ளி எங்களுக்கு விட்டுவிட்டார்.

நாங்கள் என்றால் மூன்று பேர். எனக்கு நான்கு வயது மூத்த அண்ணன், அவன் வயதொத்த அத்தை பையன், நான். ஒரு மெஷினுக்கு மூன்று பேர் என்றால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் முறை வைத்து ஆடியிருப்பார்கள். படகு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தோன்றவில்லை. படகில் யாரும் முறை வைத்து மீன் பிடிப்பதில்லை. ஒருவர் என்ஜின், ஒருவர் வலை, ஒருவர் முன்னால் நின்று தண்ணீரைப் பார்ப்பார். அதே மாதிரி அண்ணன் மௌஸைப் பிடித்துக் கப்பலைத் திருப்பிச் சுடுவான். அத்தை பையன் கீபோர்டில் வேகத்தையும் தடுப்புக் கவசத்தையும் கவனிப்பான். நான் நடுவில் நின்று அடியில் வரும் இங்கிலீஷ் வரியைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். மூவரில் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறவள் நான்தான். தண்ணீரைப் பார்க்கிறவர் கை காட்டின இடத்தில் மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் வலை விடுவார்கள், சண்டையெல்லாம் கரை ஏறின பிறகுதான். நாங்களும் அப்படியே. நான் சுடு என்றால் அண்ணன் சுட்டாக வேண்டும்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, பாடப்புத்தகத்தைப் படிப்பேன். ஆறு பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பேன். இரண்டு விநாடியில் ஓடிப்போகிற வரியில் முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை நடுவிலிருந்து கிளப்பி ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே மீதியை நானே சொன்னேன். இடதுபக்கம் நாலு பேர் வருகிறார்கள் என்றேன், தலைவர் உன்னைப் பாராட்டுகிறார் என்றேன், ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார் என்றேன். சண்டை விளையாட்டில் இது போதும். கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டால் பெரும்பாலான மிஷன் ஜெயித்துவிடும். ஜெயித்தபோதெல்லாம் என் இங்கிலீஷுக்கு மதிப்பு ஏறியது. என் கதைகள் நாளாக ஆக நீண்டுகொண்டே போயின. அரை வரிக்கு நான் மூன்று வாக்கியம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இருவரும் இங்கிலீஷ் என்றால் அப்படித்தான் சுருக்கமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்கள், அல்லது நினைத்துக்கொண்டதாக நான் நினைத்தேன்.

சரக்குக் கப்பல் மிஷனில்தான் மாட்டிக்கொண்டோம். பாதியில் ஒரு பெரிய சாம்பல் நிறக் கப்பல் வரும், ஒரு வரி ஓடும், நான் சுடச் சொல்வேன், அண்ணன் சுட்டுத் தூளாக்குவான், உடனே திரையில் சிவப்பு எழுத்தில் தோல்வி என்று வரும். அந்த ஒரு சொல் எனக்கு நன்றாகப் படிக்க வரும். ஒவ்வொரு தடவையும் லேட்டாகச் சுட்டாய், பின்னாலிருந்து சுட்டாய் என்று அண்ணனைத்தான் ஏசினேன். அவனும் அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக, இன்னும் முன்னாலிருந்து சுட்டான்.

இந்த நேரத்தில் வீட்டில் வேறொரு பேச்சு நடந்தது. என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்கு பஸ் ஏறிப் போகிற பெரிய இங்கிலீஷ் பள்ளியில் சேர வேண்டும், அதற்குச் செலவு அதிகம். நைனா படகில் அப்போது ஓர் ஆள் குறைந்திருந்தது. வெளியாளை ஏற்றினால் பிடித்த மீனில் ஒரு பங்கு வெளியே போய்விடும், எனக்குப் பள்ளி கிடையாது. அண்ணன் ஏறினால் பங்கு வீட்டிலேயே நிற்கும், நான் படிக்கலாம். ஆனால் அண்ணனோ பத்தாவது முடித்து மாமா மாதிரி செங்கல்பட்டு ஐ.டி.ஐ.க்குப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நைனா ஒரே வார்த்தையில் முடித்தார். பெண்ணுக்கு நிஜமாகவே இங்கிலீஷ் ஏறுகிறதென்றால் அவள் படிக்கட்டும், இல்லையென்றால் அவள் குப்பத்துப் பள்ளிக்குப் போகட்டும், பையன் படிக்கட்டும். பிள்ளைகளிடம் யாரும் இதை விளக்கவில்லை. அண்ணன் எப்படியோ முழுவதையும் தெரிந்துவைத்திருந்தான். எனக்குத் தெரிந்தது என் பாதி மட்டும்: நைனா என்னைச் சோதிக்கப் போகிறார்.

எப்படிச் சோதிப்பது என்று நைனாவுக்குத் தெரியவில்லை, மாமாதான் வழி சொன்னார். கடைக்கு வந்து பாருங்கள், கம்ப்யூட்டரில் ஓடுகிற இங்கிலீஷை உங்கள் பெண் அப்படியே தமிழில் சொல்லும் என்றார். அதுவரை நைனா அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. கடல் சரியில்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்த ஒரு நாள், வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நைனாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது, சமாளித்துவிடலாம் என்று எனக்கு ஒரு தைரியம்.

கடைக்குப் போனால் மாமா முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் சி.டி. ஒன்றை விட்டுப்போனாராம். எங்கள் விளையாட்டின் இரண்டாவது பதிப்பு. அதை முன்பக்கத்து நல்ல மெஷினில் ஏற்றி, கவுண்டரில் இருந்த ஸ்பீக்கரையும் எடுத்து மாட்டியிருந்தார். இதில் எல்லாரும் பேசுவார்கள் என்றார். குரல் வந்துவிட்டால் படிக்கிறவள் எதற்கு? அதைவிட, குரல் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால்? மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும். இதுவரை அவர் கவுண்டரில் இருந்ததால் திரையில் ஓடியது அவர் கண்ணில் பட்டதில்லை. இனி காதில் விழுமே. நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிற மிஷனையே போடுகிறேன், நைனா முன்னால் ஜெயித்துக் காட்டுங்கள் என்று மாமா உற்சாகமாகத் தொடங்கியும் வைத்துவிட்டார்.

நைனா எங்கள் பின்னால் கைகட்டி நின்றார். முதலில் கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தார். இதில் மேல் எது கீழ் எது என்று கேட்டார். அப்படியெதுவும் கிடையாது என்றான் அண்ணன். அது எப்படி, கரை எந்தப் பக்கம் என்றார். கரையும் கிடையாது என்றதும், பைத்தியக்காரத் தொழில் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குரல்கள் வந்தன. கரகரவென்று, மூக்கால் பேசுகிற குரல்கள். எங்கள் பள்ளி மிஸ் பேசின இங்கிலீஷுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அடியில் எழுத்தும் ஓடியதால் நான் அதைப் பார்ப்பதாகப் பாவனை செய்து, வழக்கம்போல் சொல்லிக்கொண்டே போனேன். மாமா அந்த நேரம் தெருவில் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். அதனால் பிழைத்தேன். அவர் உள்ளே வந்தபோது சாம்பல் நிறக் கப்பல் வந்துவிட்டது. தலைவர் குரல் ஏதோ சொன்னது.

"எதிரிக் கப்பலாம். உடனே சுடச் சொல்றாரு," என்றேன்.

அண்ணனின் விரல் மௌஸ் மேல் அப்படியே நின்றது. குரல் மறுபடியும், இந்த முறை சத்தமாகச் சொன்னது. நைனா குனிந்து என்னைப் பார்ப்பது கழுத்தில் மூச்சுப் பட்டதிலிருந்து தெரிந்தது. நான் இன்னொரு தடவை, அழுத்தி, சுடுண்ணா என்றேன். மூன்றாம் முறை குரல் கத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணன் சுட்டான். கப்பல் வெடித்தது, சிவப்பு எழுத்து வந்தது. மாமா விறுவிறுவென்று வந்து ஸ்பீக்கரின் குமிழைத் திருகிச் சத்தத்தை அணைத்தார். வெளியே தெருவில் இரைச்சலாகக் கேட்டிருக்கும், அதனால்தான் என்று நினைத்தேன். அணைத்த பிறகும் அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்றுவிட்டது என்பது நைனாவுக்கும் புரிந்தது. ஏன் என்று கேட்டார். நான் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்தான் பேசினான். "தங்கச்சி கரெக்டாத்தான் சொல்லிச்சு நைனா. எனக்குத்தான் கை ஓடல."

நைனா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாமாவிடம், "சரி மச்சான். பொண்ணு படிக்கட்டும். இவன் வல இழுக்க வரட்டும்," என்றார். டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அந்த ஜூனில் நான் பஸ் ஏறினேன். பெரிய பள்ளியில் முதல் வருஷம் முழுக்கத் திணறி, அடி வாங்கி, அழுது, ஒருவழியாக நிஜமாகவே படிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு கல்லூரி, பிறகு இந்த வேலை. அண்ணன் இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான், இரண்டு பிள்ளைகள். நன்றாகத்தான் இருக்கிறான். அவன் ஐ.டி.ஐ. பற்றிப் பேசி நான் அப்புறம் கேட்டதில்லை. மூன்றாவது பதிப்பு மாமா கடைக்கு வந்தபோது அவன் கடலில் இருந்தான். ஒற்றை ஜாய்ஸ்டிக்கில் மூன்று பேருக்கு இடமும் இல்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முதல் பதிப்பை ஆடினேன், சரக்குக் கப்பல் வந்தது, வரி ஓடியது. நிறுத்திப் படித்தேன். இரண்டாவது பதிப்பைப் போட்டுக் குரலைக் கேட்டேன். மூன்றாவதிலும் கேட்டேன். மூன்றிலும் ஒன்றேதான்: சுடாதே, அதில் இருப்பவர்கள் நம் ஆட்கள், சுடாதே. வசனத்தில் மாற்றம் இல்லை என்று நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகுதான் கை நின்றது. மூக்கால் பேசினாலும் அது எல்.கே.ஜி. பிள்ளைக்குப் புரிகிற இங்கிலீஷ். அண்ணனோ எட்டு வயதிலிருந்து கடற்கரைக் கோயில் பக்கம் வெள்ளைக்காரர்கள் பின்னால் போய்ச் சங்கு மாலை விற்றவன். அவர்களோடு பேரம் பேசுவான், வழி சொல்லுவான், கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்வான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க வராது, காதால் கேட்டால் எல்லாம் புரியும். புத்தகத்தில் இருப்பதுதான் இங்கிலீஷ் என்று இருந்த வீட்டில், அவன் பேசினதை இங்கிலீஷ் என்று யாரும் எண்ணவில்லை. நானும்தான்.

உடனே போன் செய்தேன். அண்ணன் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தான். சரக்குக் கப்பல் ஞாபகம் இருக்கிறதா என்றதும் சிரித்தான். நைனா வந்த அன்றைக்கு அந்தக் குரல் பேசினது உனக்குப் புரிந்ததா என்று கேட்டேன்.

"இன்னா பெரிய இங்கிலீஷு அது. சுடாத சுடாதன்னு கத்திகினு இருந்தான்."

"அப்புறம் ஏன்ணா சுட்ட?"

ஐஸ் பெட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னான். "நான் சுடலன்னா கேம் ஜெயிச்சிருக்கும். நீ சொன்னது பொய்யின்னு நைனாக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு டிவியவா பாத்தாரு, உன் மூஞ்சியதான் பாத்துகினு இருந்தாரு."

பிறகு, இப்போதாவது அந்த மிஷனை ஜெயித்தாயா என்று கேட்டான். மூன்றிலும் ஜெயித்தேன், அந்தக் கப்பலை ஒன்றும் செய்யாமல் விட்டால் போதும் என்றேன். அவ்வளவுதானா என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

அவன் முதன்முதலாகப் படகேறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. விடியும் முன்பே அவனை எழுப்பிக் கூட்டிப்போயிருந்தார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு, மாமா கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். இனிமேல் மௌஸ் எனக்குத்தான் என்று அத்தை பையனிடம் சொன்னேன். கதவு திறந்ததும் ஓடிப்போய் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தேன், அந்த லீவில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது.